புது லேப்டாப்பில் யார் வைத்த சாமான் இது?

காசிமேட்டிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் சனிக்கிழமை மாலை என் கடைக்கு வந்தார்கள். தண்டையார்பேட்டையில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடைதான். ஆனால் மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்துவிட்டால் தெருவில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நாம்தான் வைத்தியர். மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தாள்; தாள் கட்டுகளை ஒதுக்கி இடம் செய்து திறந்தாள்.

திறந்த அரை நிமிடத்தில் வலப்பக்கம் கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. பாதுகாப்புச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்னது. மூடினாள். வாரண்டியைப் பதிவு செய்யச் சொல்லி இன்னொன்று வந்தது. அதையும் மூடினாள். மூன்றாவது எதற்கு வந்தது என்று படிப்பதற்குள் மூடிவிட்டாள். ஒரே வாரத்தில் அவ்வளவு பழக்கம். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து காட்டினாள். சீட்டாட்டம், வீடியோ எடிட்டர், படம் பார்க்கும் சேவைகள், பெயரே கேள்விப்படாத நாலைந்து செயலிகளின் படங்கள்.

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, காசு கொடுத்து வாங்கியது நாங்கள். உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் யாருடையது?”

இதைவிடச் சரியான கேள்வியை இந்த விஷயத்தில் நான் கேட்டதில்லை. எல்லோரும் “இதை எப்படி நீக்குவது” என்றுதான் கேட்பார்கள். யார் வைத்தது என்று தெரிந்தால்தான் எந்த வழியாக எடுக்கலாம், எடுத்தால் என்ன கெடும், எடுத்தது திரும்பி வருமா என்பதெல்லாம் விளங்கும். வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்கிக் குடிபோகிறீர்கள் என்று வையுங்கள். பரணில் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன டிரங்குப் பெட்டி இருக்கும். அதைத் தூக்கி வெளியே வைக்கலாம். மீட்டர் பெட்டியும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதில் கை வைத்தால் வீடே இருண்டுவிடும். பார்வைக்கு இரண்டும் பெட்டிதான்.

புது விண்டோஸ் லேப்டாப்பில் சாமான் வைப்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் விண்டோஸைச் செய்த மைக்ரோசாஃப்ட். இன்னொருவர் லேப்டாப்பைச் செய்த நிறுவனம். மூன்றாவதாகச் சில நிறுவனங்கள் உண்டு. அவை நேரே உள்ளே வருவதில்லை, இந்த இருவரில் ஒருவருடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வருகின்றன. ஆன்டிவைரஸ் நிறுவனமோ விளையாட்டு நிறுவனமோ தன் பொருள் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் முதல் நாளே இருக்க வேண்டும் என்று பணம் கொடுக்கிறது. லேப்டாப் வியாபாரத்தில் லாபம் மெலிந்தது. அந்தப் பணம் அதற்கு முட்டுக் கொடுக்கிறது. 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது கேண்டி கிரஷ் விளையாட்டும் அதனுடன் தானாக நிறுவப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். யாரும் ஒளித்துச் செய்த வேலையில்லை. இப்படி நாம் கேட்காமல் வந்து குந்தியிருக்கும் செயலிகளுக்குத்தான் ப்ளோட்வேர் என்று பெயர். ஊதிப்போன சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நீக்கத் தொடங்கும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் முப்பது படங்கள் இருந்தால் முப்பது செயலிகளும் கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்டோஸ் 11இல் தெரியும் அந்தப் படங்களில் சில வெறும் பெயர்ப்பலகைகள். அழுத்தினால்தான் உண்மையான செயலி இணையத்திலிருந்து இறங்கும். அதுவரை அது பிடிக்கும் இடம் ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். சீட்டாட்டம் உண்மையிலேயே உள்ளே இருந்தாலும், திறக்காதவரை அது சும்மா கிடக்கும். அதை நீக்கினால் லேப்டாப் வேகமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சுமை எங்கே இருக்கிறது என்றால், லேப்டாப்பைத் திறந்தவுடன் தாமாக எழுந்து பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்களில் இருக்கிறது. அந்த மூன்று பெட்டிகளையும் எழுப்பியவை அவைதான். படகுக்காரருக்கு இதை விளக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. “கரையில் கட்டி வைத்த கயிறு கணக்கில்லை. படகில் ஏற்றிய கயிறுதான் கணக்கு” என்று அவரே சொல்லிவிட்டார். டீசல், ஐஸ், வலை என்று ஒவ்வொன்றையும் எடை பார்த்து ஏற்றுகிறவர்.

எனவே முதலில் பார்க்க வேண்டிய இடம் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பக்கத்தில், கம்ப்யூட்டருடன் சேர்ந்து எழுந்திருக்கும் நிரல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று ஹை, மீடியம், லோ என மதிப்பும் போட்டிருக்கும். வேண்டாததன்மேல் வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்தால் அடுத்த முறை அது எழாது. நிரல் அழிந்துவிடாது, தூங்க வைக்கிறோம், அவ்வளவுதான். எதையும் நீக்கப் பயப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் நான்கை நிறுத்திவிட்டு மறுபடி திறந்தோம். ஒரு பெட்டியைத் தவிர மற்றவை வரவில்லை. அந்த ஒன்று ஆன்டிவைரஸ். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, நீக்குவது. செட்டிங்ஸைத் திறந்து, ஆப்ஸ் என்பதற்குள் போய், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்பதைத் திறந்தால் உள்ளே இருக்கும் எல்லாச் செயலிகளும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று புள்ளிகள். அதை அழுத்தினால் அன்இன்ஸ்டால் என்று இருக்கும். வேலை இவ்வளவுதான். ஆனால் ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் அன்பின் என்ற சொல்லையும் அன்இன்ஸ்டால் என்ற சொல்லையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அன்பின் என்றால் படத்தை மெனுவிலிருந்து கழற்றுவது மட்டும். செயலி இருந்த இடத்திலேயே இருக்கும். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று நினைப்பதுபோல.

பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே சாதியல்ல. பழைய பாணி நிரல்கள் தங்களை நீக்கிக்கொள்ளும் கருவியையும் தாங்களே கொண்டுவருகின்றன. அன்இன்ஸ்டால் அழுத்தியதும் அவை தனிச் சாளரம் திறந்து “உண்மையிலேயே போகட்டுமா” என்று இரண்டு மூன்று முறை கெஞ்சும். லேப்டாப் நிறுவனம் வைத்தவை பெரும்பாலும் இந்த வகை. இன்னொரு வகை, 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த ஸ்டோர் செயலிகள். இவை பொட்டலமாக வந்து, ஒரே சொடுக்கில் சத்தமில்லாமல் போகும். மைக்ரோசாஃப்ட் வைத்த சீட்டாட்டம், வானிலை, செய்திகள் எல்லாம் இந்த வகை. இந்த வித்தியாசம் எதற்கு என்று இப்போது தோன்றும். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தபோது இதுதான் கைகொடுத்தது.

ஆன்டிவைரஸ் விஷயம். இலவசமாகச் சில காலம் ஓடிவிட்டு, பிறகு பணம் கேட்கும் சரக்கு இது. நீக்கினால் பாதுகாப்பே போய்விடும் என்ற பயத்தில் பலர் தொடுவதில்லை; அந்தப் பெட்டியின் சிவப்பு நிறமே அந்தப் பயத்துக்காகத்தான். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அது ஒதுங்கி நிற்கும். அந்த ஆன்டிவைரஸை நீக்கியதும் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வீட்டில் படிப்புக்கும் அலுவலுக்கும் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு அது போதும் என்பது என் கருத்து. நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை நிற அடையாளம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில ஆன்டிவைரஸ்கள் சாதாரண வழியில் முழுதாகப் போகாது. அவற்றைச் செய்த நிறுவனங்களே தனி நீக்கக் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. உள்ளே வர அனுமதி கேட்காதவர் வெளியே போக வழிச்செலவு கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

வேர்ட், எக்செல் எல்லாம் அடங்கிய ஆஃபிஸைப் பார்த்ததும் அந்தப் பெண் நீக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். “பில்லை எடு” என்றேன். நம் ஊரில் விற்கும் பல லேப்டாப்களின் விலையில் ஆஃபிஸும் சேர்ந்தே இருக்கிறது. சோதனைக்காகச் சில வாரம் ஓடுவது வேறு, ஆயுளுக்கும் சொந்தமாக வருவது வேறு. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் நிற்கும். பில்லிலோ பெட்டியின் மேல் ஒட்டிய தாளிலோ ஆஃபிஸ் ஹோம் என்று தொடங்கும் பெயர் ஆண்டு எண்ணோடு இருந்தால், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. முதலில் வேர்டைத் திறந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அதை உங்கள் பெயரில் செயல்படுத்திக்கொள்ளுங்கள். கடைக்காரரின் கணக்கில் செய்துவிட்டால் பிறகு அவர் பின்னால் அலைய வேண்டும். இந்தப் பெண்ணின் பில்லில் இருந்தது. அப்பாவுக்கே தெரியாது. ஆகவே எல்லாமே அடுத்தவர் சாமான் என்று தூக்கி எறிய முடியாது; நடுவில் நம் சாமானும் கிடக்கிறது.

இன்னொரு இடத்திலும் கை நடுங்க வேண்டும்: கோப்புகளை இணையத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ். புது லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போதே, டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் நீங்கள் வைக்கும் கோப்புகள் ஒன்டிரைவுக்குள் போகும்படி அமைப்பு ஆகியிருக்கலாம். இலவசமாக 5 ஜிபி தருகிறார்கள். சில கோப்புகளின் பெயர் மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். உடல் இணையத்தில் இருக்கும். கோப்பின் பக்கத்தில் சிறிய மேகப்படம் தெரிந்தால் அதுதான் அடையாளம். இந்த நிலையில் ஒன்டிரைவை நீக்கினால் கோப்புகள் அழியாது, ஆனால் கம்ப்யூட்டரில் கிடைக்காது. பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளன்று இந்த வித்தியாசத்தை யாரும் ரசிக்கமாட்டார்கள். முதலில் ஒன்டிரைவ் அமைப்புகளில் பேக்கப்பை நிறுத்தி, கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு இறக்கி, அவை திறக்கின்றனவா என்று பார்த்து, கணக்கைத் துண்டித்து, கடைசியில் நீக்குங்கள். பயன்படுகிறது என்றால் விட்டும்விடலாம். நான் விட்டுவைத்திருக்கிறேன்.

மீட்டர் பெட்டி என்றேனே, அதில் நானே கை வைத்த கதை ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் லேப்டாப்பில், லேப்டாப் நிறுவனத்தின் பெயரோடு இருந்த எல்லாவற்றையும் மளமளவென்று நீக்கினேன். பட்டியல் சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை அவர் வந்தார். விரலால் தடவும் டச்பேட் பாதிதான் வேலை செய்தது. திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசைகள் செத்துக் கிடந்தன. நான் விளம்பரச் சரக்கு என்று நினைத்துத் தூக்கியதில் ஒன்று அந்த விசைகளுக்கு உயிர் கொடுக்கும் நிரல். நிறுவனத்தின் தளத்திலிருந்து மாடல் எண்ணைத் தேடி அதைத் திரும்ப நிறுவி முடிக்க அரை நாள் போனது. அன்றைய ஜெராக்ஸ் வியாபாரமும் போனது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டிரைவர், ஆடியோ, கிராபிக்ஸ், சிப்செட், டச்பேட், ஹாட்கீ என்ற சொற்கள் பெயரில் இருந்தால் தொடுவதில்லை. விஷுவல் சி++ என்று தொடங்கி ஆண்டு எண்களோடு ஐந்தாறு வரிகள் வரிசையாக நிற்கும். ஒன்றே பலமுறை வந்திருக்கிறது என்று தோன்றும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நிரல்களுக்கு வேண்டிய நூலகம். அவையும் இருக்கட்டும். வெப்வியூ2 என்பதும் அப்படியே. அது மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியின் உறவுக்காரர், ஆனால் வேறு பல செயலிகள் அதன் தோளில் நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரை நீக்க இணையத்தில் வழி சொல்கிறார்கள்; நீக்கிவிட்டு, தவறாகப் போன இன்னொரு செயலியைத் திரும்ப வாங்க எந்தக் கடைக்குப் போவீர்கள்? தெரியாத பெயர் வந்தால் இணையத்தில் தேடிப் பார்க்கும் வரை விட்டுவையுங்கள். வேலையைத் தொடங்கும் முன், ஏதாவது கெட்டால் பழைய அமைப்புக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்வதும் நல்லது. இது சில லேப்டாப்களில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டித் தேடினால் அமைப்பு திறக்கும். இப்படி ஒரு புள்ளி இருந்திருந்தால் எனக்கு அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

எட்ஜைப் பற்றியும் கேட்டாள். “அக்கா, இதில் அன்இன்ஸ்டால் மங்கலாக இருக்கிறது. அழுத்தவே முடியவில்லை.” உண்மைதான். இந்தியாவில் விற்கும் விண்டோஸில் எட்ஜை நேர்வழியில் நீக்க முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் முடியும். அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றார்கள். அதனால் அங்கே அந்த விசை உயிரோடு இருக்கிறது. இங்கே மங்கலாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. உலாவியை விண்டோஸோடு சேர்த்துக் கட்டுவது பழைய வழக்கு. 1998இலேயே அமெரிக்க அரசு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காரணமாக மைக்ரோசாஃப்டை நீதிமன்றத்துக்கு இழுத்தது. நமக்கு இப்போதைக்கு இருக்கும் வழி, ஆப்ஸ் அமைப்பில் டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்துக்குப் போய் வேறு உலாவியை முதன்மையாக வைத்துக்கொண்டு, எட்ஜை டாஸ்க்பாரிலிருந்து கழற்றுவதுதான். கட்டாயமாக எட்ஜைப் பிய்த்து எடுக்கும் நிரல்கள் இணையத்தில் உண்டு. அடுத்த அப்டேட்டில் அது திரும்பி வந்துவிட வாய்ப்பு உண்டு. அந்தச் சண்டைக்கு நான் போவதில்லை.

வேலை முடிந்து, அப்பா தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை மகள் மட்டும் வந்தாள். முகம் சரியில்லை.

“அக்கா, நீக்கியதெல்லாம் திரும்ப வந்துவிட்டது.”

திறந்து பார்த்தேன். அவள் பெயரில் இருந்த கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. தம்பி விளையாட வேண்டும் என்று அடம்பிடித்ததால் அவனுக்குத் தனிக் கணக்கு உருவாக்கியிருக்கிறாள். அந்தக் கணக்குக்குள் போனால் சீட்டாட்டம் முதல் செய்திகள் வரை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆனால் ஆன்டிவைரஸும் வாரண்டிப் பெட்டியும் இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

பழைய பாணி நிரல்கள் பொதுவாகக் கம்ப்யூட்டருக்கே நிறுவப்படுகின்றன. ஒருமுறை நீக்கினால் எல்லோருக்கும் நீங்கிவிடும். ஸ்டோர் செயலிகள் ஆளுக்கு ஆள் நிறுவப்படுகின்றன. அவற்றின் மூலப் பொட்டலம் விண்டோஸுக்குள் ஓரிடத்தில் இருப்பு வைக்கப்பட்டிருக்கும். புதிதாக யார் கணக்குத் தொடங்கினாலும் முதல் நுழைவின்போது அந்த இருப்பிலிருந்து அவருக்கு ஒரு பங்கு போடப்படும். கோயிலில் வரிசையில் வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு தொன்னைப் பொங்கல் கிடைப்பதுபோல. நீங்கள் உங்கள் தொன்னையை வேண்டாம் என்று வைத்துவிட்டால் அண்டாவில் இருப்பது குறையுமா? அதனால்தான் அந்த வழியில் நீக்கும்போது கம்ப்யூட்டரின் சேமிப்பு வட்டில் இடமும் பெரிதாக மிச்சமாவதில்லை. இப்படி இருப்பு வைத்த செயலிகளைத் தொழில்காரர்கள் ப்ரொவிஷண்டு ஆப்ஸ் என்கிறார்கள்.

அண்டாவையே காலி செய்ய வேண்டுமானால் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தை நிர்வாகி அனுமதியோடு திறக்க வேண்டும். இருப்பில் என்னென்ன இருக்கின்றன என்று காட்ட ஒரு கட்டளை, அதில் ஒன்றைப் பெயர் சொல்லி நீக்க இன்னொரு கட்டளை. இரண்டும் மைக்ரோசாஃப்டே கொடுத்து, தன் தளத்தில் விளக்கியும் வைத்திருப்பவை. முதல் கட்டளை பார்க்க மட்டும்தான். அதைத் தட்டினால் எதுவும் கெடாது. இரண்டாவதைத் தட்டும்போது பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பார்த்துத் தட்ட வேண்டும். அதன் பிறகு தொடங்கும் கணக்குகளுக்கு அந்தச் செயலி வராது. ஏற்கனவே தொடங்கிய கணக்குகளில் இருப்பதை அவரவர் கணக்கில் நீக்கிக்கொள்ள வேண்டும். அன்று ஏழு பொட்டலங்களை எடுத்தோம். தம்பிக்காகச் சீட்டாட்டத்தை விட்டுவைத்தோம்.

வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. செட்டிங்ஸ் வழியே போதும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைக்கும் ஸ்கிரிப்டுகள், அதாவது கட்டளைத் தொகுப்புகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில நன்றாகவே எழுதப்பட்டவை. எதை நீக்கும் என்று பட்டியல் காட்டி, நம்மைத் தேர்ந்தெடுக்க விடுபவை. ஆனால் நிர்வாகி அனுமதியோடு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் உங்கள் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர், யாரோ வீடியோவில் சொன்னார் என்று அதை ஓட்டுவது, வீட்டைக் கூட்டுவதற்கு வழிப்போக்கரிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். ஏற்கனவே மெலிய வைக்கப்பட்ட விண்டோஸ் என்று பென்டிரைவில் வைத்துச் சுற்றுகிறார்கள் பாருங்கள், அதை நான் என் கடைப் படி ஏற விடுவதில்லை. குப்பையோடு பாதுகாப்பு அப்டேட்டையும் கழற்றி வைத்திருந்தால் வெளியில் தெரியாது.

அதைவிட நேர்மையான வழி, விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் அதற்கான கருவி இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் அதன் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் தனியாக எண் கேட்காது. லேப்டாப் நிறுவனம் வைத்த சரக்கு பெரும்பாலும் ஒரேயடியாகப் போகும். மைக்ரோசாஃப்ட் வைத்தது இருக்கும். அதுதான் விண்டோஸோடு வருகிறதே. கோப்புகள் அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவைக்க வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட் இதற்கு மாற்று அல்ல. நிறுவனம் வைத்த செயலிகளையும் சேர்த்தே அது திரும்பக் கொண்டுவரலாம்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் நினைவகத்திலேயே ஒரு நிரலை வைத்து, விண்டோஸ் எழும்போது அதை உள்ளே அனுப்ப ஒரு வழியை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது. வட்டைத் துடைத்து நிறுவினாலும் அது திரும்பி வரும். சில மாடல்களில் பயாஸ் என்ற, விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை நிரலின் அமைப்பில் போய் அதை அணைக்கலாம்.

இன்னும் மோசமான உதாரணம் லெனோவோ. 2014 செப்டம்பர் முதல் சில மாதங்கள் அந்த நிறுவனம் விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் இருந்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க வேண்டும் என்பதற்காக, அது ஒரு சான்றிதழை நுழைத்து, தளங்கள் உண்மையானவை என்று உறுதி சொல்லும் நம்பத்தகுந்த அதிகாரியாகத் தன்னையே விண்டோஸிடம் பதிவு செய்துகொண்டது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்களிலும் ஒன்றே. சாவி ஒருவர் கையில் சிக்கினால், வங்கித் தளம்போல நடிக்கும் போலித் தளத்தையும் அந்த லேப்டாப்கள் உண்மை என்று நம்பிவிடும். 2015 பிப்ரவரியில் இது அம்பலமானது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நிரலை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சான்றிதழ் அங்கேயே இருந்தது. அதைத் தனியாகத் தேடி நீக்க வேண்டியிருந்தது. 2017இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ சமரசம் செய்துகொண்டது. மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தது. எல்லா ப்ளோட்வேரும் இப்படி என்று சொல்லவில்லை. பெரும்பாலானவை தொல்லைதான், ஆபத்தல்ல. ஆனால் “இருந்துவிட்டுப் போகட்டுமே” என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

விண்டோஸுக்கு மாற்றாக இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. 2011இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் லினக்ஸை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விண்டோஸுக்கே போய்விட்டார்கள் என்பது வேறு கதை. அங்கே எதை வேண்டுமானாலும் நீக்கலாம். இதை நீக்கினால் இதை நம்பியிருக்கும் இன்னின்னவையும் போகும் என்று பட்டியல் காட்டிக் கேட்கும். படிக்காமல் சரி என்று சொன்னால் திரையில் தெரியும் மொத்த டெஸ்க்டாப்பையும் நீக்கிவிட்டு நிற்கலாம். மேக்கில் நேர் எதிர்: ஆப்பிள் வைத்த முக்கியச் செயலிகள் முத்திரை வைத்த பகுதியில் இருக்கின்றன, நம்மால் தொட முடியாது. ஆனால் லேப்டாப்பும் அவர்களுடையது, மென்பொருளும் அவர்களுடையது. நடுவில் மூன்றாவது ஆள் பணம் கொடுத்துச் சரக்கு வைப்பது அங்கே இல்லை.

விண்டோஸ்காரர்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்று. அப்டேட்டுகளோடு புதிய செயலிகளும் வந்துகொண்டிருக்கும். கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் அப்படித்தான் 2023இல் வந்தது. பழைய மெயிலுக்குப் பதிலாகப் புதிய அவுட்லுக் வந்ததும் அப்படித்தான். விண்டோஸ் 11க்கு ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில், பெரிய அப்டேட் வருகிறது. அது முடிந்த மறுநாள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பக்கத்தைத் திறந்து, பெயர் வரிசையை மாற்றித் தேதி வரிசையில் வையுங்கள். புதிதாக வந்தவர்கள் மேலே நிற்பார்கள். ஸ்டார்ட்அப் பக்கத்தையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பெண்ணுக்கு இதை ஒரு தாளில் எழுதி, தொடக்கூடாத பெயர்களையும் கீழே சேர்த்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பிரதி கேட்டாள். விடுதித் தோழிக்கும் ஒன்று வேண்டுமாம்.